வாகினு கீறேன்

போன மாதம் சுகந்தி போன் செய்தாள். என்னிடம் பயிற்சி எடுத்தவள். நான் ஓய்வு பெற்ற அதே ஆஸ்பத்திரியில், அதே பேச்சுப் பயிற்சிப் பிரிவில், இப்போது என் நாற்காலியில் இருப்பவள். குழந்தைகளின் பேச்சை அளக்கப் பிரிவுக்குப் புதிதாக ஒரு டேப்லெட் கொடுத்திருக்கிறார்களாம். அதுவே படம் காட்டும், அதுவே கேள்வி கேட்கும், குழந்தை சொல்லும் பதிலைக் கேட்டு அதுவே மார்க்கும் போட்டுவிடும்.

"மேடம், திருவொற்றியூர்லேர்ந்து ஒரு பாப்பா வந்துச்சு. என்னா வாய் தெரியுமா! நாய் எங்கேன்னு அந்த மெஷின் கேட்டா, 'தோ கீது பாரு, தூங்கிகினு கீது'ன்னு சொல்லுது. மெஷின் சிவப்பு காட்டுது. பேச்சு வளர்ச்சி குறைவுன்னு வருது. நான் என்ன எழுதட்டும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அந்தக் கண்றாவியத் தூக்கிக் கடல்ல போடு!" என்று கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்? கொஞ்சம் ஆறிய பிறகு நானே திரும்பக் கூப்பிட்டேன். ஏன் மேடம் இவ்வளவு கோபம் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? எழுதித் தருகிறேன் என்றேன்.

என் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். அப்பா ராயபுரத்தில் பருப்பு மொத்த வியாபாரம் செய்தார். வீட்டுக்குள்ளே "ஏட்டி லில்லி, அங்கன என்ன செய்யுத?" என்று ஒரு தமிழ். வாசலைத் தாண்டினால் "இன்னாமே லில்லி, இஸ்கூலு இல்லியா?" என்று இன்னொரு தமிழ். இரண்டையும் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. எந்த இடத்தில் எதைப் பேசுவது என்பதையும் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஒருநாள்கூட நான் அப்பாவிடம் "இன்னா நைனா" என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் முதுகு பழுத்திருக்கும்.

படித்த காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை தன் முதல் மொழியை எப்படிக் கற்கிறது என்பதற்குப் பாடத்தில் பல கொள்கைகள் இருந்தன. பரீட்சைக்காக நாங்கள் அவற்றை மூன்று கட்சிகளாகப் பிரித்து வைத்திருந்தோம். முதலாவது கிளிக் கட்சி. பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு, திருப்பிச் சொல்லி, சரியாகச் சொன்னால் பாராட்டும் தப்பாகச் சொன்னால் திருத்தமும் வாங்கி, பழகிப் பழகியே குழந்தை கற்கிறது என்பார்கள். இரண்டாவது பிறவிக் கட்சி. மொழியைப் பிடிக்கும் சக்தி பிறக்கும்போதே தலைக்குள் இருக்கிறது, காதில் விழுவதை வைத்துக்கொண்டு குழந்தை தானே விதி கட்டிக்கொள்கிறது என்பார்கள். மூன்றாவது மடிக் கட்சி. அம்மா நிலாவைப் பார்த்தால் குழந்தையும் பார்க்கும், அம்மா நிறுத்தினால் குழந்தை தொடங்கும், கொஞ்சலும் சண்டையும் விளையாட்டுமாக இரண்டு பேருக்கு நடுவில்தான் பேச்சு முளைக்கிறது என்பார்கள். "மூன்றையும் ஒப்பிட்டு எழுதுக" என்று கேள்வி வரும். எழுதி பாஸ் பண்ணிவிட்டு அதோடு மறந்துபோனேன். அப்போது குழந்தைகளோடு எனக்கு என்ன பழக்கம்?

வேலைக்குச் சேர்ந்த இடத்தில் பிரிவின் தலைவி கமலவேணி மேடம். எங்கள் அறை மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. எண்ணூர் போகும் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் காது சோதனை பாதியில் நின்றுவிடும். லாரி போகும்வரை மேடம் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கேள்வி கேட்டுவிட்டு அப்படியே நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், பதில் வரும்வரை. அந்த மௌனத்துக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக வேலை செய்தோம். ஒரு குறை, தமிழைத் திருத்துவார். வாட்ச்மேன் "வாயப்பயம்" என்று சொன்னால்கூட நின்று, "வாழைப்பழம். ழ. நாக்கை மடிங்க" என்பார். அந்த மனுஷன் நாக்கை மடித்துக்கொண்டே கேட்டைத் திறப்பார். என் வாயில் எங்கள் ஊர்த் தமிழ் எப்போதாவது எட்டிப் பார்த்தால் மட்டும் சிரித்துக்கொண்டே, "அழகா இருக்கு லில்லி, இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார். தென்மாவட்டத் தமிழ் என்றால் அழகு, பக்கத்துத் தெருத் தமிழ் என்றால் கோளாறு. இது எனக்கு அப்போதே உறுத்தியது.

எங்கள் வேலை முறை இதுதான். குழந்தை வந்ததும் முதலில் காது. பின்னாலிருந்து கிலுகிலுப்பை ஆட்டுவோம், திரும்புகிறதா என்று பார்ப்போம், அப்புறம் கருவியில் சோதிப்போம். அடுத்தது வாய். நாக்கின் அடி ஒட்டியிருக்கிறதா, அண்ணம் சரியாக மூடியிருக்கிறதா. பிறகு அம்மாவிடம் கதை கேட்போம். பிறந்ததும் அழுததா, எப்போது மழலை, எப்போது முதல் வார்த்தை. கடைசியில் பாயில் உட்கார்ந்து விளையாட்டு. குழந்தை சொல்வதைச் சொன்னபடியே, ஒரு எழுத்து மாற்றாமல் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் படம் காட்டி மார்க் போடுவது. மார்க் தாளில் சரியான விடை அச்சில் இருக்கும். வீடு. பழம். பூனை மேசையின் மேல் இருக்கிறது.

அப்படியொரு நாள்தான் காசிமேட்டிலிருந்து ஜோதி வந்தாள். இடுப்பில் மூன்றரை வயசுப் பையன், பெயர் தினேஷ். புருஷன் விசைப்படகில் போகிறவன், ஜோதி மீன் விற்பவள். கடன் உடன் வாங்கி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். பையன் வகுப்பில் வாயே திறப்பதில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று டீச்சர் அனுப்பியிருந்தார்.

"வூட்ல வாய் ஓயாது மேடம்," என்றாள் ஜோதி. "இஸ்கூலுக்குப் போனா மட்டும் ஊமக்கோட்டான் மாரி குந்திகினு கீறானாம். எனக்கு ஒரே பேஜாரா கீது. எம்புள்ளைக்கு இன்னாதான் கோளாறு?"

காது சுத்தம். நாக்கு சுத்தம். பேச ஆரம்பித்தது கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். பாயில் நான் அவனோடு உட்கார்ந்தேன். பொம்மை பஸ்ஸைக் கட்டிலுக்கடியில் ஓட்டிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. "தினேஷ், இங்க வா" என்றேன். பஸ்ஸை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னான்:

"வாகினு கீறேன்."

ஜோதி கைதட்டிச் சிரித்தாள். "ஐய, வாகினு இல்லடா கய்தே! வந்துகினு! வந்துகினு கீறேன்!" என்று அவனை இழுத்து முத்தம் கொடுத்தாள். அவன் திமிறிக்கொண்டு மறுபடியும், "வாகினு கீறேன்" என்றான்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சும்மா சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காசிமேட்டில் ஒரு ஆள்கூட "வாகினு" என்று சொல்ல மாட்டார். "வந்துகினு", "போய்கினு", "துன்னுகினு" என்றுதான் அவன் காதில் விழுந்திருக்கும். அதிலிருந்து "கினு" என்ற வாலை, நம் "கொண்டு"தான் அது, தனியாகக் கழற்றி, நான் "வா" என்றதும் அந்த "வா"வின் பின்னால் மாட்டிவிட்டான். யாரும் சொல்லித் தராத, உலகத்தில் யாரும் சொல்லாத ஒரு சொல். கிளியால் இது முடியாது. கிளி கேட்டதைத்தான் சொல்லும். இந்தப் பிள்ளை உள்ளே உட்கார்ந்து இலக்கணம் எழுதிக்கொண்டிருக்கிறான்! பாடத்தில் படித்தபோது ஏறாத பிறவிக் கட்சி அன்றைக்கு ஒரு நொடியில் என் மண்டையில் ஏறியது.

அடுத்து மேடம் படங்களைக் காட்டினார். வீட்டுப் படத்துக்கு "வூடு" என்றான். சுழி. பூனை மேசைமேல் இருக்கும் படத்துக்கு, "பூன மேல குந்திகினு கீது" என்றான். முழு வாக்கியம். எழுவாய் இருக்கிறது, இடம் இருக்கிறது, வினை இருக்கிறது. "மேசை" என்ற சொல் இல்லை, "இருக்கிறது" என்ற சொல் இல்லை என்று அதற்கும் சுழி. கூட்டிப் பார்த்தால் இரண்டு வயசுக் குழந்தையின் மார்க் வந்தது.

நான் மேடத்தைத் தனியே அழைத்துப்போய் "வாகினு" பற்றிச் சொன்னேன். ஆர்வக் கோளாறில் மூச்சு விடாமல் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது புத்தகத்துக்கு ரொம்ப நல்லா இருக்கு லில்லி. ஆனா நாளைக்கு இவனை எந்த ஸ்கூல்ல சேர்த்துப்பாங்க?"

"அது ஸ்கூல் தப்பு மேடம். பிள்ளைக்குக் கோளாறு இல்லையே."

"நானும் இந்தப் பக்கத்துப் பொண்ணுதான். எங்கப்பா விம்கோ நகர்ல ஃபேக்டரியில இருந்தார், தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. "காலேஜ்ல சேர்ந்த முதல் வாரம், 'இழுத்துக்கொண்டு'ன்னு சொல்ல வந்து, வாய் தவறி 'இஸ்த்துகினு'ன்னு வந்துட்டுது. படிப்பு முடியற வரைக்கும் அதுதான் என் பெயர். இஸ்த்துகினு வரா பாரு, இஸ்த்துகினு போறா பாரு. இந்தப் பையனுக்கு அது வேண்டாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்தவர் அல்ல. அதனால்தான் எனக்கு இன்றும் யார்மேலும் முழுசாகக் கோபப்பட முடியவில்லை.

மேடம் ஜோதியை எதிரில் உட்கார வைத்தார். குழந்தை காதில் விழுவதைத்தான் திருப்பிச் சொல்லும், ஆகவே இனி அவன் எதிரில் வீட்டில் எல்லோரும் சுத்தமான தமிழ் மட்டும் பேச வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்.

"எங்களுக்கு அது வராதே மேடம்."

"வராட்டி குறைவாகப் பேசுங்க. தப்பாப் பேசறதுக்குப் பேசாம இருக்கறது நல்லது."

ஜோதி விரலைச் சொடுக்கிக்கொண்டே யோசித்தாள். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டாள், "புள்ளைய கொஞ்ச சொல்லக்கூடவா மேடம்?"

"கொஞ்சும்போதும்தான்."

எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியே கேட்டருகில் ஓடிப்போய் ஜோதியைப் பிடித்தேன். "இத பாரு ஜோதி, நீ எப்பவும் போலப் பேசு. அவன் நல்லா இருக்கான். ஸ்கூல்ல கூச்சம், வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

"நீங்க நல்லவங்கோ, அதான் சொல்றீங்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய மேடமே சொல்லிட்டாங்கக்கா. எம்புள்ள எங்கள மாரி ஆவக்கூடாது." பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டு வரை அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான்கைந்து மாதம் அவள் வரவில்லை. வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஜோதியைச் சொல்லவில்லை, பையனைச் சொல்கிறேன். பாயில் விட்டோம். பஸ்ஸை எடுத்தான், உருட்டினான். "ப்ர்ர்" என்று ஒரு சத்தம்கூட இல்லை. "தினேஷ், இங்க வா" என்றேன். எழுந்து வந்து முன்னால் நின்றான், அவ்வளவுதான். ஜோதி அவன் பக்கம் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "தினேஷ். இது. பந்து."

"வீட்ல எப்படிப் பேசற ஜோதி?" என்று கேட்டேன்.

"காத்தால 'எழுந்திரு'ன்றேன். அப்பால 'குளி', 'சாப்பிடு'. ராத்திரி 'உறங்கு'. டிவி நியூஸ் பாத்து இன்னும் ரெண்டு மூணு கத்துகினேன். அதுக்கு மேல வர்லக்கா." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவங்கப்பாவையும் பேசாதன்னுட்டேன். மாமியாள தம்பி வூட்டுக்கு அனுப்பிட்டேன், அது வாய் சும்மா கெடக்காது. தெருப் பசங்களோடயும் உடறதில்ல. காதுல தப்பா எதுவும் வுயாம பாத்துக்கறேன். பெரிய மேடம் சொன்னாப்லியே எல்லாம் பண்றேன். ஏன்க்கா இருந்த பேச்சும் பூட்ச்சி?"

அடக்கடவுளே! இப்படியும் ஒருத்தி சொல் பேச்சுக் கேட்பாளா? பெற்ற பிள்ளைக்காக அந்த வாய்க்கு அவள் பூட்டுப் போட்டிருந்தாள். மீன் ஏலத்தில் நாலு ஆண்களை வாயடைக்கிற வாய் அது. பாராட்டு, திருத்தம், சுத்தமான உச்சரிப்பு என்று கிளிக் கட்சி கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டாள். பேச்சு முளைக்கிற மடிதான் காலியாகிவிட்டது.

நான் மேடத்தை அழைத்து வந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். அவர் பாயில் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. பையன் பஸ்ஸை உருட்டுவதையும் அம்மா வாயை இறுக்கிக்கொண்டு பார்ப்பதையும் நெடுநேரம் கவனித்தார். பிறகு ஜோதியிடம், "பேசும்மா. நான் சொன்னதை விட்டுடு. உனக்கு எது வருதோ அதைப் பேசு. தெருவிலே விடு அவனை. மாமியாரைக் கூட்டிட்டு வா" என்றார். ஜோதி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பையனை இங்கிலீஷ் பள்ளியிலிருந்து எடுத்துத் தெருமுனை பால்வாடியில் விட்டார்கள். மாமியார் திரும்பி வந்தாள். அடுத்த மழைக்காலத்துக்குள் தினேஷ் பேசினான். பேசினான் என்றால் அப்படியொரு பேச்சு! தெருப் பிள்ளைகளிடமிருந்து பேச்சு, பாட்டு, கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து எங்கள் அறையில் கொட்டினான். மேடம் மார்க் தாளில் அச்சிட்ட "வீடு"க்குப் பக்கத்தில் தன் பேனாவால் "வூடு" என்று எழுதி, அதுவும் சரி என்று போட்டார். அதன் பிறகு வாட்ச்மேன் எந்தப் பழத்தை "பயம்" என்று சொன்னாலும் மேடம் திருத்த நின்றதில்லை. "குணமடைந்தான்" என்று எழுதி நாங்கள் தினேஷை அனுப்பிவைத்தோம். நான் சந்தோஷமாக இருந்தேன். பயிற்சிக்கு வந்த பெண்களுக்கெல்லாம் வருஷா வருஷம் இந்தக் கதையைச் சொன்னேன். சுகந்திக்கும் சொல்லியிருக்கிறேன். நல்லபடி முடிந்த கதையாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற மறுவருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். ஒரு குரல் மார்க்கெட்டையே தூக்கிக்கொண்டிருந்தது. "இன்னாண்ணே, வந்ததுலேர்ந்து வஞ்சிரத்தத் தடவிகினே கீற, அது இன்னா ஒம் பொஞ்சாதியா? வாங்கறதுன்னா வாங்கு, இல்லாட்டி கைய எடு!" சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். ஜோதிதான். தலை நரைத்திருந்தாள், உடம்பு போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஐயோ லில்லியக்கா!" என்று ஓடிவந்து ஈரக்கையோடு கட்டிக்கொண்டாள். தினேஷ் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறானாம். நல்ல சம்பளமாம். இரண்டு வார ஷிஃப்டுக்கு அங்கேயே ரூம் எடுத்துத் தங்குகிறானாம். மூச்சு விடாமல் சொன்னாள்.

அப்போது அவள் போன் அடித்தது. பெயரைப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். முதுகை நிமிர்த்தி நின்றுகொண்டாள்.

"சொல் தினேஷ். சாப்பிட்டாயா?" என்றாள். "உடம்பு எப்படி இருக்கிறது? ... எப்பொழுது வருகிறாய்? ... சரி. பத்திரமாக வா."

பக்கத்துக் கடைக்காரி என்னிடம், "தோ, நூஸ் வாசிக்க ஆரம்பிச்சிட்டா பாரு" என்று சிரித்தாள். ஜோதியும் சிரித்துக்கொண்டே போனை இடுப்பில் செருகினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன் ஜோதி, இன்னுமா அவன்கிட்ட இப்படிப் பேசற? அப்பவே விட்டுடச் சொன்னாங்களே மேடம்?"

"உட்டுடலாம்னு எவ்ளோவோ பாத்தேங்க்கா. ஊரே எங்கிட்ட வாயக் குடுக்க பயப்புடும், அவன் மூஞ்சப் பாத்தா மட்டும் எனக்கு ஒண்ணியும் வர்ல. இன்னா சொல்லணும்னாலும் மொதல்ல மனசுக்குள்ள எய்திப் பாத்துக்குவேன், தப்பு கீதா இல்லியான்னு. அதுக்குள்ள அவன் போன வச்சிடுவான்."

"அவன் உங்கிட்ட எப்படிப் பேசுவான்?"

"அவனும் அப்டித்தான். சரி, இல்ல, வரேன். அவ்ளோதான். கோவம்லாம் ஒண்ணும் கெடயாதுக்கா, தங்கமான புள்ள." ஒரு மீனை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள். "அவன் தோஸ்துங்க வந்தா நீ கேக்கணுமே! அவ்ளோ பேச்சு, அவ்ளோ நக்கலு, அப்டியே என் வாயி. நான் கதவாண்ட நின்னு கேட்டுகினே இருப்பேன். உள்ள போனா நிறுத்திடுவான்."